சங்குவளை இல்லாத கை

அவளைப் பற்றி யார் எதைத் தப்பாக நினைத்தாலும் அவள் திருத்தமாட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதி எல்லாம் இதைச் சுற்றித்தான் வரும்.

கல்கத்தாவில், கிடர்பூர்ச் சந்தையில் காய் விற்ற கிழவன் அவளைத் தெலுங்குக்காரி என்று முடிவு செய்து வைத்திருந்தான். வாலிபத்தில் கப்பல் கூலியாகப் போய் கோதாவரியை ஒரே ஒரு தடவை பார்த்தவன் அவன். அவள் தலை தெரிந்ததும் ஆற்றை அவிழ்த்துவிடுவான். உங்கள் ஆற்றில் அப்படி மணல், உங்கள் ஆற்றில் இப்படி நிலா. தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவள், முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்தபடியே எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள்.

"ஏன்க்கா, நாம திருநவேலின்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்று கேட்டேன்.

"சொல்லலாம். சொன்னா அவன் ஆத்த எங்க கொண்டு போய் வைப்பான்? இருந்துட்டுப் போட்டும்."

இருந்துட்டுப் போட்டும். இதுதான் அவளுடைய சொல். காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போது ஒரு தடவை, மாலையில் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது ஒரு தடவையாவது அது அவள் வாயிலிருந்து வரும். புகை வருவதுபோல வரும். யாரையும் நோக்கி வராது.

நான் கல்யாணமாகிக் கல்கத்தாவுக்கு வந்த புதிது. என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தருகே ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா உத்தியோகம். கீழ்வீட்டில் நாங்கள்: நான், அவர், அத்தை, மாமா. மாடியில் ஒற்றை அறையில் அவள். ஊர்ப்பக்கத்திலிருந்து வந்து தனியாகக் கிடந்த குமாஸ்தாப் பையன்களுக்குச் சமைத்துப் போட்டு அதில் ஜீவித்தாள். எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்த என் மாமியார்கூடச் சில நேரம் வாய் தவறி அக்கா என்றுவிடுவாள். அதையும் அவள் திருத்தியதில்லை.

ஒரு சமயம் அவளுக்கு வயிற்றுவலி. தர்ம ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே மருந்து கலக்குகிறவர் கூட்டத்தில் ஆள் மாறி, யாருக்கோ எழுதிய இருமல் மருந்தை அவள் கையில் கொடுத்துவிட்டார். புட்டியைத் திறந்ததும் வாசனையிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் வேளை தவறாமல் குடித்துத் தீர்த்தாள்.

"வயித்துவலிக்கு இருமல் மருந்தா? பைத்தியமாக்கா ஒங்களுக்கு?"

"அந்த மனுசன் பாவம், காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்காரு. திருப்பிக் கொண்டு போனா ஏச்சு விழும். வலி நின்னுபோச்சுல்லா?" என்றாள். பிறகு, சிறிது யோசித்து: "இருமலும் வரல."

இதைக் கேட்டு நாங்கள் சிரித்த சிரிப்பில் மாமா புரையேறித் துடித்தார். அந்த மருந்தில் மிச்சமிருந்தால் கொண்டுவா என்றார்.

சிரிப்பாக இல்லாத ஒன்றும் உண்டு. குழாயடியில் யாரோ அடுத்த வீட்டுக்காரியின் மண்குடத்தை உடைத்துவிட்டார்கள். அடுத்த வீட்டுக்காரி நேரே மாடி ஏறி வந்து அக்காவை வாய்க்கு வந்தபடி பேசினாள். அக்கா கேட்டுக்கொண்டு நின்றாள். தன் குடத்தை எடுத்துக் கொடுத்தாள். சாயங்காலம் உடைத்தவள் யார் என்று தெரிந்துபோனது. அடுத்த வீட்டுக்காரி வெட்கத்தில் ஒரு மாதம் மாடிப் பக்கமே வரவில்லை. அவளை அந்த வெட்கத்தில் நிறுத்தியதும் அக்காவின் மௌனம்தானே என்று எனக்கு அப்போதே தோன்றியது. சாந்தம் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது சாந்தம் என்று நிச்சயமில்லை. இன்றுவரை இல்லை. மூடிய ஜன்னலைப் பார்த்து உள்ளே ஆள் தூங்குகிறார் என்று சொல்வதுபோல அது.

அவளுக்குப் புருஷன் இருந்தான். ரங்கூனில். மர வியாபாரி ஒருவரிடம் கணக்கெழுதப் போனவன் அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டான். இது தெருவுக்கே தெரியும். ரங்கூன் கப்பல் துறைக்குள் வந்து ஊதும்போது எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் அதிரும். அந்த ஊதல் ஓய்ந்த மறுநிமிஷம் யாராவது ஒருத்தி மாடியைப் பார்த்துக் கேட்பாள்: "அக்கா, கடுதாசி வந்துச்சா?" தெரிந்தே கேட்பார்கள். தாலி கட்டியவன் உயிரோடிருக்கையில் வேறெதைத்தான் கேட்பது? "வரும்," என்பாள் அவள், மாவு சலித்தபடி.

அந்த வருஷம் கடிதம் வரவில்லை, ஆள் வந்தான். கப்பலில் வேலை பார்த்த எங்கள் ஊர்க்காரன் ஒருவன், வெயிலில் கருத்து, சொல்ல வந்த சேதியை மென்றபடி எங்கள் வீட்டு நடையில் நின்றான். அங்கே இருப்பவளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, உடம்பு தேறவில்லை, வீட்டைப் பார்த்துக்கொள்ள நம்பகமாய் ஒரு ஆள் வேண்டும். துர்க்கா பூஜை கழிந்து வருகிற கப்பலில் அவள் புருஷன், அண்ணாச்சி, தாமே வந்து அக்காவை அழைத்துப் போவார்.

அக்கா அவனுக்கு மோர் கொடுத்தாள். வேறொன்றும் சொல்லவில்லை.

சொல்லாதது போதுமானதாக இருந்தது. அன்று மாலையே அவள் போவதாக முடிவாகிவிட்டது. "எப்படியோ, புருசன் கூப்பிட்டுட்டான்," என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் அத்தையே கடைக்குப் போய், கப்பல் ஏறுகிற அன்று போட்டுக்கொள்ள வைக்கோலில் பொதிந்த சிவப்புக் கண்ணாடி வளையல்கள் வாங்கி வந்து அக்காவிடம் கொடுத்தாள். குமாஸ்தாப் பையன்கள் வேறு சமையலுக்கு ஆள் தேடத் தொடங்கினார்கள். போகிறாயா என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. நானும்தான். அவளைக் கேட்கும் வழக்கம் எங்களில் யாருக்கும் கிடையாது.

அத்தைக்கு அந்த மழைக்காலம் முழுக்கக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. காற்று மாற வேண்டும் என்றார் டாக்டர். கல்கத்தாவில் இது ஒரு மருந்து. இருமலா, மனக்குறையா, பெண்ணுக்கு வரன் அமையவில்லையா, எல்லாவற்றுக்கும் 'ஹாவா பதல்', காற்று மாற்றம். என் வீட்டுக்காரரின் ஆபீஸ் பெரிய பாபுவுக்கு உறவான ஒரு ஜமீன் குடும்பத்துக்கு, நகரத்துக்கு வெளியே பெஹாலாவில் தோட்டம் இருந்தது. அதற்குள் ஒரு பழைய பண்ணை வீடு. பூஜைக் காலத்தில் தெரிந்தவர்களுக்கு விடுவார்களாம். ஆபீஸ் விடுமுறை தொடங்கும் முன்பே அத்தையையும் மாமாவையும் அழைத்துக்கொண்டு நான் போவது, அவர் சனிக்கிழமைகளில் வருவது என்று ஏற்பாடு. "கடைசியா அவளும் நாலு நாள் கால் நீட்டி உக்காரட்டுமே," என்று அக்காவையும் அத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டாள்.

அந்த வீட்டை இப்போது நினைத்தாலும் எனக்குக் கால் பரபரக்கிறது. நீலச் சாயத்தில் பணம் பண்ணிய எவனோ ஒரு வெள்ளைக்காரன், தன் ஊர்ப் பண்ணை வீட்டை ஞாபகத்திலிருந்து கட்டியிருந்தான். ஞாபகம் என்றால் தெரியுமே, பாதிதான் வரும். சுவர் கோட்டைமாதிரி, ஜன்னல் எலிப்பொந்துமாதிரி. வராத பனிக்காகச் சரித்துப் போட்ட கூரை. அதன்மேல் பூசணிக்கொடி படர்ந்து, கொழுத்த காய்கள் சரிவில் உருளத் தயாராய்க் கிடந்தன. சாயம் ஊறவைத்த தொட்டிகளில் மழைநீரும் அல்லியும். சுற்றிலும் லிச்சியும் பாக்கும் மாவும், நடுவே படித்துறை கட்டிய ஒரு குளம். குளத்துக்கு அக்கரையில் ஜமீன் குடும்பத்தின் பெரிய வீடு. காலையில் அந்தப் பக்கத்திலிருந்து துர்க்கை சிலைக்கு மண் பிசைகிற வாசனை வரும். எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. நாள் முழுக்க மரத்துக்கு மரம் நடந்தேன்.

கூடத்துச் சுவரில் ஆள் உட்காரும் உயரத்தில் ஒரு பெரிய மாடம், உள்ளே கரி படிந்து. அத்தை பார்த்ததும் பூஜை மாடம் என்று தீர்மானித்துவிட்டாள். தேய்த்துக் கழுவி, சுண்ணாம்படித்து, முருகன் படத்தை வைத்து விளக்கேற்றினாள். தோட்டக்காரன் எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு போனான். அது குளிர்காலத்தில் சாகேப் விறகு எரித்துப் பூட்ஸ் காலைக் காயவைக்கிற இடம் என்று அப்புறம்தான் தெரிந்தது. சாமியை எடுப்பதா, விடுவதா என்று அத்தை தவித்தாள்.

"நெருப்பு இருந்த எடந்தானே மதினி," என்றாள் அக்கா. "எதுக்கு எரிச்சாம்னு நெருப்புக்குத் தெரியுமா? இருந்துட்டுப் போட்டும்."

நாங்கள் போன மறுநாள் பெரிய வீட்டுப் பெண்கள் பார்க்க வந்தார்கள். தட்டில் சந்தேஷ் இனிப்பு, மரியாதைக்குக் குளத்திலிருந்து பிடித்த பெரிய ரோகு மீன், அதன் நெற்றியில் எண்ணெயும் குங்குமமும் தடவி. சைவப் பிள்ளைமார் வீட்டுக்கு மீன்! அத்தை போட்ட கூச்சலில் மீனே ஒருமுறை துள்ளியது. ஒரு வழியாகச் சமாதானமாகி எல்லோரும் பாயில் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் அது நடந்தது; நடந்ததாக யாருக்கும் தெரியாமல் நடந்தது.

வங்காளத்தில் சுமங்கலி என்றால் வகிட்டில் சிந்தூரம், கையில் வெள்ளைச் சங்குவளை. என் வகிட்டில் சிவப்பு இல்லை, ஆனால் கை நிறைய வளையல் இருந்தது, புருஷன் பேச்சும் இருந்தது. அத்தையின் புருஷனோ தாழ்வாரத்தில் தும்மிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு? குங்குமம் வைத்தால் அவளுக்கு நெற்றி தடித்துப்போகும் என்று கருஞ்சாந்துதான் வைப்பாள், மேலே திருநீறு. பாத்திரம் தேய்க்கிற கைக்கு எதற்கு என்று வளையல் போடுவதில்லை. வெளுத்துப்போன நூல்சேலை. தாலி மஞ்சள் கயிற்றில் சேலைக்குள்ளே கிடந்தது. தாலி என்ற ஒன்று உண்டென்றே அவர்களுக்குத் தெரியாது.

பெரிய வீட்டு ஜமீன் பாபுவின் தகப்பனாருடன் பிறந்த வயசான அம்மா ஒருவர் கூட்டத்தில் இருந்தார். பிஷிமா என்று எல்லோரும் அழைத்தார்கள். நம் பக்கத்து அத்தை. சிறு பெண்ணாக இருக்கையிலே புருஷனை இழந்து, பிறந்த வீட்டில் வந்து நரைத்தவர். அவர் அக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, வெறும் மணிக்கட்டைக் கட்டை விரலால் தடவினார். பிறகு தன் வெறும் மணிக்கட்டை அதன் பக்கத்தில் வைத்தார்.

அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து பிஷிமா தினமும் மதியம் அக்கரையிலிருந்து வந்தார். பச்சரிசியும் வாழைக்காயும் நெய்யும் கொண்டுவந்து, லிச்சி மரத்தடியில் தனி அடுப்பு மூட்டி, அக்காவோடு சேர்ந்து பொங்கி, சேர்ந்து சாப்பிட்டார். அவர் பேசுவார், சந்தையில் பழகிய வங்காளியில் அக்கா ஊம் கொட்டுவாள். சில நாள் அக்காவும் பேசினாள். தூரத்திலிருந்து பார்த்தால் அவள் கைகள் அசைவது தெரியும். கைகளை அசைத்து அவள் பேசி நான் பார்த்ததே இல்லை. "ரெண்டு பேருக்கும் நல்லா ஒட்டிக்கிட்டு," என்று அத்தை சந்தோஷப்பட்டாள். விஷயம் புரியவில்லை அவளுக்கு.

எனக்கும் மகாளயத்துக்கு முந்தின ஏகாதசியன்றுதான் புரிந்தது. காலையிலிருந்து அக்கா பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டு பேசினாள். எங்கள் வழக்கத்தில் அப்படி விரதம் கிடையாது. அங்கே விதவைகளுக்குத்தான் அது. படித்துறையில் பிஷிமா போன பிறகு பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, அவுக ஒங்களை என்னன்னு நெனச்சுருக்காகன்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா? அண்ணாச்சி குத்துக்கல்லுமாதிரி இருக்காகளே! வாயத் திறந்து சொல்லக்கூடாதா? இதுல போயி 'இருந்துட்டுப் போட்டும்'னு சொல்லாதீங்க, எனக்குக் கோவம் வரும்."

அவள் சிரித்தாள். கால் விரலால் தண்ணீரைத் தள்ளினாள்.

"சொன்னா அந்தம்மா எந்திரிச்சுப் போயிருவா புள்ள. பாதிச் சோத்துல." காலைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள். பிறகு: "இங்க வந்ததுலேருந்து ஒருத்தரும் என்கிட்ட கடுதாசி வந்துச்சான்னு கேக்கல. கவனிச்சியா?"

நான் கவனித்திருக்கவில்லை.

"ராத்திரி படுத்தா ஒடனே தூங்கிருதேன்," என்றாள். அதை ஒரு தப்பை ஒத்துக்கொள்வதுபோலச் சொன்னாள்.

"அப்ப ரங்கூன்?"

அவள் பதில் சொல்லவில்லை. வழக்கம்போல நான் அதற்கும் ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டேன். போகத்தானே வேண்டும் என்று.

பூஜை வந்தது. என் வீட்டுக்காரரும் விடுமுறையில் வந்து சேர்ந்தார். நாலு நாளும் பறை அதிர அதிரக் குளத்தில் மீன்கள் மேலே வரவில்லை. தசமி அன்று சிலையைக் கரைக்கும் முன் சுமங்கலிகள் தேவிக்கு விடை கொடுப்பார்கள். முகத்தை வெற்றிலையால் ஒற்றி, வாயில் இனிப்புத் தொட்டுவைத்து, வகிட்டில் சிந்தூரம் இட்டு, அப்புறம் அதே சிந்தூரத்தை ஒருத்திக்கொருத்தி பூசிக்கொள்வார்கள். கன்னமெல்லாம், மூக்கெல்லாம் சிவப்பு. எங்களையும் கூப்பிட்டார்கள். சாம்பிராணிப் புகையில் கண் எரிய எரிய நின்றோம்.

தட்டுகள் வந்தபோது வீட்டு மருமகள் ஒருத்தி, எல்லோரும் பௌதி என்று கூப்பிடுகிறவள், அக்காவின் தோளை மெதுவாகத் தொட்டு, தூணுக்கு அந்தப் பக்கம் பிஷிமா அருகில் நிற்கச் சொன்னாள். மரியாதையாகத்தான். அக்கா போய் நின்றாள்.

"ஏட்டி, அவள ஏன் அங்க நிறுத்துதாக?" என்றாள் அத்தை.

நான் சொல்லியிருக்க வேண்டாம். சொன்னேன்.

அத்தைக்கு முதலில் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. "அடப் பாவிகளா!" என்று கூட்டத்தைப் பிளந்து போனாள். அவளுக்குத் தெரிந்த வங்காளி அரைக்கைப்பிடி. அதை அள்ளி வீசினாள். "ஸ்வாமி ஆச்சே! ஸ்வாமி ஆச்சே! புருசன் இருக்கான்! கப்பல்ல வாரான்!" அத்தோடு நிற்காமல் அக்காவின் கழுத்துக்குள் கையை விட்டு மஞ்சள் கயிற்றை வெளியே இழுத்து, விளக்கு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். தாலி ஆடியது. தசராவுக்குச் சிங்காரித்த அத்தனை பெண்களும் அதையே பார்த்தார்கள்.

யாரோ ஒருத்திக்கு விளங்கியது. அவள் மற்றவர்களுக்குச் சொன்னாள். "ஓ மா!" என்று ஒரே சத்தம், பிறகு சிரிப்பு, பிறகு குலவை. தங்கள் தப்புக்காகக் காதைப் பிடித்துக்கொண்டார்கள். பௌதி தட்டோடு ஓடி வந்தாள். கண்ணில் நிஜமான நீர். "மன்னிச்சுடு தீதி, நாங்க என்ன பாவம் பண்ணினோம்!" என்று விரல் நிறையச் சிந்தூரத்தை அள்ளி அக்காவின் வகிட்டுக்கு நேரே கொண்டுபோனாள்.

தூணில் சாய்ந்து பிஷிமா நின்றார். முகம் களிமண்ணாக இருந்தது.

அக்கா பௌதியின் மணிக்கட்டைப் பிடித்தாள். சங்குவளை அவள் உள்ளங்கைக்குள் நெரிந்தது.

"வேண்டாம் பௌதி," என்றாள். வங்காளியில்தான் சொன்னாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "நீங்க தப்பா நினைக்கல. பிஷிமா பாத்ததுதான் சரி. இவங்க சொல்றது தப்பு."

அவள் ஒரு மனிதரைத் திருத்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

தாலியைச் சேலைக்குள் போட்டுக்கொண்டு குளக்கரை வழியே நடந்து போய்விட்டாள். பறை மறுபடி தொடங்கியது. பௌதி தன் விரலில் இருந்த சிந்தூரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் என் கன்னத்தில் பூசினாள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை ஆடித் தீர்த்தாள். "உசிரோட இருக்கிற புருசனுக்குக் கொள்ளி வச்சுட்டாளே! இப்படி ஒரு வார்த்தைய வாயால சொல்லலாமா? நாளைக்கு அவன் வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்?" மாமா இருமினார். என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். கரி மாடத்தில் முருகன் எல்லாவற்றையும் பார்த்தார். காலையில் அத்தையின் தலைமாட்டில் அந்தச் சிவப்பு வளையல் பொதி இருந்தது. வைக்கோல் பிரிக்கப்படவில்லை.

தசமிக்கு மறுநாள் ஏகாதசி. பந்தல் பிரிக்கிற சத்தம் அக்கரையில் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா விடிந்ததிலிருந்து படித்துறையில் உட்கார்ந்திருந்தாள், ஒன்றும் குடிக்காமல். பிஷிமா வரவில்லை. ஏமாற்றப்பட்டவர் ஏன் வரவேண்டும்? தான் பெயர்த்தெடுக்க முடியாத விதவைக் கோலத்தை, கழற்றி வைக்கக்கூடிய ஒருத்தி போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? வெயில் ஏறி, படியெல்லாம் காய்ந்து, அக்காவின் உதடு வெளுத்தது. நான் செம்பில் தண்ணீர் கொண்டுபோனேன். தலையசைத்தாள்.

நிழல் சாய்கிற நேரத்தில் அந்த அம்மா வந்தார். பக்கத்தில் உட்காரவில்லை. இரண்டு படி மேலே உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து, தன் ஈரத் துண்டை எடுத்து, கீழே குனிந்து, அக்காவின் உச்சந்தலையில் வைத்தார்.

விடுமுறை முடிந்து நாங்கள் கிளம்பியபோது அக்கா வண்டியில் ஏறவில்லை. பிஷிமாவுக்குச் சமைக்க அவளை வைத்துக்கொள்வதாகப் பெரிய வீட்டு பாபு சொல்லியனுப்பினார். பண்ணை வீட்டுப் பின்கட்டு அறை அவளுக்கு. தசமியன்று நடந்ததைப் பெரிய வீட்டுப் பெண்கள் தங்களுக்குள்ளேயே மூடிவிட்டார்கள். அது அவர்களுடைய நாசூக்கு. வாசல் கடந்து ஒரு வார்த்தை போகவில்லை.

கப்பல் வந்தது, ஊதியது, பாத்திரங்கள் அதிர்ந்தன. அண்ணாச்சியும் வந்தார். நான் அவரை ஒரு ராட்சசனாக நினைத்து வைத்திருந்தேன். வந்தவர் நல்ல பேச்சுக்காரர்; அத்தைக்கு ரங்கூன் பட்டுத்துணி, மாமாவுக்குச் சுருட்டு, தன் பெண்டாட்டிக்குப் பூப்போட்ட எண்ணெய்க் காகிதக் குடை. "அவளுக்கு ஒண்ணும் சொல்லவே வேண்டாம்," என்று சிரித்தார். "என்ன சொன்னாலும் சரிம்பா. அந்தக் குணத்துக்குத்தான் கூட்டிக்கிட்டுப் போறேன்." அத்தை உள்ளே போய்விட்டாள். தசமிக் கதையை அவரிடம் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

வாடகைக் குதிரைவண்டி பிடித்து என் வீட்டுக்காரர் அவரைப் பெஹாலாவுக்கு அழைத்துப் போனார். நானும் போனேன். தோட்டத்து வாசலில் காவலிருந்த தர்வான் பீகார்க்காரர், மீசை நரைத்தவர். எங்களைத் தெரியும்; ஆனாலும் புதிய ஆளைக் கண்டு கம்பிக் கதவைத் திறக்காமலே இந்துஸ்தானியில் கேட்டார்.

"யாரைப் பாக்கணும் பாபு?"

"பண்ணை வீட்டு மதராஸி அம்மாவை," என்றார் என் வீட்டுக்காரர்.

"இவர் யாரு?"

"அவங்க வீட்டுக்காரர்."

தர்வான் அண்ணாச்சியைத் தலைப்பாகையிலிருந்து செருப்புவரை பார்த்தார். முகம் இறுகியது. "என்ன பேச்சு பாபு இது? அந்தத் தாய் விதவை. ஏகாதசியன்னைக்கு எச்சில்கூட முழுங்க மாட்டாங்க. தோட்டம் பூரா தெரியும். பெரிய மனுஷங்க வீட்டு வாசல்ல வந்து இப்படிப் பேசலாமா? வேற ஏதோ தோட்டம் தேடி வந்திருக்கீங்க."

"என்ன சொல்லுதான் இவன்?" என்றார் அண்ணாச்சி.

என் வீட்டுக்காரர் வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போது குளத்திலிருந்து அவள் வந்தாள், குடத்தோடு. மரங்களுக்கு நடுவே, பேசினால் கேட்கிற தூரம். எங்களைப் பார்த்ததும் நின்றாள். நெற்றியில் திருநீறு மட்டும். கழுத்து எப்படியோ, சேலை மூடியிருந்தது. அண்ணாச்சி கம்பியைப் பிடித்துக்கொண்டு உற்றுப் பார்த்தார். அவர் கையிலிருந்த குடை தானாக விரிந்துகொண்டது.

தர்வான் திரும்பி உரக்கக் கேட்டார். "தாயே, இந்த ஆள் உங்க புருஷன்னு சொல்றாரு. வழி தவறி வந்தவர்னு நான் சொல்லிட்டேன். சரிதானே?"

அவள் தர்வானைப் பார்த்தாள். அண்ணாச்சியைப் பார்த்தாள். பெரிய கோபமோ பயமோ அவள் முகத்தில் இல்லை. காய்க் கிழவனிடம் நிற்கிற அதே முகம். ஒன்றும் சொல்லவில்லை.

அவள் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எல்லோரையும்போலத் தர்வானுக்கும் ஒரு நொடிகூட ஆகவில்லை. தாழ்ப்பாளை இழுத்து இன்னொரு முறை அழுத்தினார்.

அண்ணாச்சி குடையை மடக்க முயன்றார். மடங்கவில்லை. வண்டிக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான். பாதையில் போன ஒன்றிரண்டு பேரும் நின்றார்கள்.

"அவ இல்ல," என்றார் கடைசியில், எங்களைப் பார்க்காமல். "அவ இன்னும் கொஞ்சம் குட்டையா இருப்பா."

என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார்.

"இருக்கும்," என்றேன்.

வண்டி திரும்பியது. கம்பிகளுக்கு இடையே அவள் குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, பூசணி காய்த்த கூரைப் பக்கமாக நடப்பது தெரிந்தது.